பச்சை பட்டனும் ஒரு மானிடவியலாளரும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணினித் துறை ஆய்வாளர் ஒருவரின் வாழ்க்கைப் பணியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். இப்படிப்பட்ட மேடைகளில் வழக்கமாக எதையாவது கண்டுபிடித்தவர்கள்தான் பேசுபொருள் ஆவார்கள். மௌஸைக் கண்டுபிடித்தவர், இணையத்தைக் கண்டுபிடித்தவர் என்று வரிசை போகும். நான் எதையும் கண்டுபிடிக்காத ஒருவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் பெயர் லூசி சக்மன். அமெரிக்கர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தவர். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, 1970களின் இறுதியில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்குள் போனார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். பிறகு இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தார். 2002இல் ஃபிராங்க்ளின் பதக்கம், 2010இல் மனித-கணினி ஊடாட்டத் துறையின் வாழ்நாள் ஆய்வு விருது. விருதுப் பட்டியல் போதும்.

அவரைப் பற்றி ஒரு கதை வெகுகாலமாக உலவுகிறது. நிர்வாகவியல் படிப்பவர்கள் கேட்டிருப்பீர்கள். நகலெடுக்கும் இயந்திரத்தை ஜனங்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு மானிடவியல் பெண் வீடியோ எடுத்தாராம். எல்லாரும் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, ‘ஒரு பெரிய பச்சை பட்டன் வையுங்கள், அதை அமுக்கினால் நகல் வர வேண்டும்’ என்று கம்பெனிக்குச் சொன்னாராம். கம்பெனியும் வைத்ததாம், பிழைத்ததாம். கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது ஏறக்குறைய இதற்குத் தலைகீழ். சக்மனே இதை மறுத்து எழுதியிருக்கிறார். பச்சை பட்டன் அந்த இயந்திரத்தில் முதலிலிருந்தே இருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வந்து, இந்தப் பச்சை பட்டனை அமுக்கினால் போதும் என்று சொல்வதாக விளம்பரத்தில் காட்டினார்கள். அதை நம்பி வாங்கியவர்கள்தான், இது ரொம்பச் சிக்கலாக இருக்கிறது என்று புகார் சொன்னார்கள். அந்தப் புகாரிலிருந்துதான் சக்மனின் ஆய்வே தொடங்குகிறது.

அவருடைய நாற்பதாண்டு எழுத்திலும் நான் காண்பது ஒரே ஒரு விசாரணையைத்தான். இயந்திரத்தின் கண்ணுக்கு எது படுகிறது, எது படுவதில்லை? படாமல் போனதை யார் தன் உழைப்பால் நிரப்புகிறார்கள்? கணக்கு ஆபீஸ், நகலெடுக்கும் இயந்திரம், வழக்கறிஞர் நிறுவனம், கடைசியாக ஆளில்லா விமானத்தின் வீடியோ என்று இடங்கள் மாறிக்கொண்டே வந்தன. கேள்வி மாறவில்லை. கம்பெனிக் கதையில் அது பச்சை பட்டனாகச் சுருங்கிப் போனதும் காரணமில்லாமல் இல்லை. பட்டனை விற்கலாம். கேள்வியை விற்க முடியாது.

அவர் உள்ளே போன இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலோ ஆல்டோ மையம் 1970இல் தொடங்கியது. 1973இல் ஆல்டோ என்ற கணினியை அங்கே செய்தார்கள். திரையில் ஜன்னல்கள், மௌஸ், கணினிகளைப் பிணைக்கும் ஈதர்நெட் எல்லாம் அந்தக் கட்டடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. அங்கே உளவியலாளர்களும் இருந்தார்கள். ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன் இருவரும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆலன் நியூவெலோடு சேர்ந்து 1983இல் ஒரு புத்தகம் போட்டார்கள். மனித-கணினி ஊடாட்டத்தின் உளவியலை ஒரு கணக்காகவே எழுதிவிட்ட நூல் அது. விசையை ஒருமுறை தட்ட இவ்வளவு நேரம், கையை விசைப்பலகையிலிருந்து மௌஸுக்குக் கொண்டுபோக இவ்வளவு, அடுத்து என்ன என்று மனசுக்குள் ஆயத்தமாக 1.35 விநாடி. எல்லாவற்றையும் கூட்டினால், பழகிய ஒருவர் அந்த வேலையை முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கேலி செய்யவில்லை. அந்தக் கணக்கு இன்றைக்கும் பலிக்கிறது. வேலை தெரிந்தவர், தப்பே செய்யாதவர் என்ற நிபந்தனையோடு பலிக்கிறது.

சக்மன் பார்க்கப் போனது தப்பு நடக்கும் இடத்தை. முதலில் ஒரு கணக்குப் பிரிவில் உட்கார்ந்தார். அலுவலக வேலையைக் கணினிக்கு மாற்றிவிடலாம் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் விதிமுறை இருக்கிறது, விதிமுறையை நிரலாக்கினால் வேலை தீர்ந்தது என்பது கணிப்பு. அவர் எடுத்துக்கொண்டது தவணை தாண்டிய ஒரு பில். விதிப்படி ஆர்டர், சரக்கு வந்ததற்கான ரசீது, பில் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் பணம் கொடுக்கலாம். கோப்பைத் திறந்தால் தாள்கள் முழுசாக இல்லை. இரண்டு ஊழியர்கள் கிடைத்த தாள்களைப் பரப்பிவைத்து, எது வந்தது, எதற்குப் பணம் போய்விட்டது, எது பாக்கி என்று ஒவ்வொரு வரியாகத் துப்புத் துலக்குகிறார்கள். கடைசியில் கோப்பு ஒழுங்காகிவிடும். பிற்பாடு எடுத்துப் பார்ப்பவருக்கு எல்லாம் விதிப்படியே நடந்ததாகத் தெரியும். அந்த ஒழுங்கு வேலையின் தொடக்கத்தில் இருந்ததல்ல, வேலையின் விளைச்சல் என்று 1983இல் எழுதினார். அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பாவது நகர்த்தியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நிரல் எழுதப் போனவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இனி அந்த நகலெடுக்கும் இயந்திரம். பெரிய மாடல், நிறைய வசதிகள் கொண்டது. சக்மன் முதலில் தன் சக ஆய்வாளர்களையே அதன் முன்னால் நிறுத்தி வீடியோ எடுத்தார். ஒருவர் ரான் கப்லன், கணினி மொழியியலாளர். இன்னொருவர் சற்றுமுன் சொன்ன ஆலன் நியூவெல். ஹெர்பர்ட் சைமனோடு சேர்ந்து, மனிதன் சிக்கலைத் தீர்க்கும் விதத்தைக் கணினி நிரலாக்கிக் காட்டியவர், 1975இல் டூரிங் விருது வாங்கியவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு கட்டுரையை இருபக்கமும் நகலெடுக்க முடியாமல் கப்லனோடு நெடுநேரம் போராடுகிறார். இந்தப் படத்தைப் போட்டுக் காட்டியபோது கம்பெனிக்காரர் ஒருவர், சரக்கு இறக்குகிற ஆள்களைப் பிடித்துவந்து எடுத்தீர்களா என்று கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. படத்தில் இருப்பது யார் என்று தெரிந்த பிறகு அவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு இறக்குபவர் தோற்றால் குறை அவருடையது, நியூவெல் தோற்றால் குறை இயந்திரத்துடையது என்று அவர் மனசுக்குள் ஒரு தராசு வைத்திருந்தாரே, அதைத்தான் நான் கவனிக்கிறேன்.

புகார் பெருகியதால் அந்த இயந்திரத்தோடு ஒரு கணினியை இணைத்து, வழிகாட்டும் நிரல் ஒன்றைப் பரிசோதனையாகச் செய்து பார்த்தார்கள். மூலப்பிரதி புத்தகமா, தனித்தாளா? நகல் ஒரு பக்கமா, இரு பக்கமா? எத்தனை பிரதி? இதையெல்லாம் முதலில் கேட்டுக்கொள்ளும். பயனருடைய நோக்கம் இதுதான் என்று முடிவுகட்டி, அதற்கு ஒரு திட்டம் போட்டு, திரையில் படிப்படியாகக் கட்டளை காட்டும். அன்றைய செயற்கை நுண்ணறிவின் அடிப்படை நம்பிக்கையே இதுதான். மனிதன் முதலில் திட்டம் போடுகிறான், பிறகு அதை நிறைவேற்றுகிறான். ஆகவே திட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மனிதனைப் புரிந்துகொண்டாயிற்று.

சக்மன் இரண்டிரண்டு பேராக ஆள்களை அனுப்பினார். தனியாக விட்டால் மனசுக்குள் நினைத்துக்கொள்வார்கள், இருவர் என்றால் வாய்விட்டுப் பேசித்தான் ஆக வேண்டும். அந்த வீடியோவை எழுத்தாக்கும்போது பக்கத்தை நான்கு பத்திகளாகப் பிரித்தார். முதல் பத்தியில், பயனர்கள் பேசுவதும் செய்வதுமாக இயந்திரத்துக்கு எட்டாதவை. இரண்டாவதில் இயந்திரத்துக்கு எட்டுபவை. மூன்றாவதில் இயந்திரம் பயனருக்குக் காட்டுபவை. நான்காவதில், ஏன் அப்படிக் காட்டுகிறது என்பதற்கு வடிவமைத்தவர் வைத்திருந்த காரணம். கோடு போட்ட ஒரு தாள், அவ்வளவுதான். துறையில் வந்த எத்தனையோ தடித்த நூல்களைவிட இந்தத் தாளுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். முதல் பத்தி நிரம்பி வழிகிறது. ஒருவர் கட்டளையைச் சத்தமாகப் படிக்கிறார், இன்னொருவர் குனிந்து தேடுகிறார், இதுவா அதுவா என்று கேட்கிறார், மூடியைத் தூக்கப் போய்க் கையை இழுத்துக்கொள்கிறார். இரண்டாவது பத்தியில் அவ்வப்போது ஒரு வரி வருகிறது. மூடி திறந்தது. பட்டன் அமுங்கியது. இயந்திரத்துக்குத் தெரிந்த உலகம் இவ்வளவே.

புத்தகத்திலிருந்து இருபக்க நகல் எடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தானாகத் தாள் இழுத்துக்கொள்ளும் பகுதி தனித்தாளைத்தான் வாங்கும். ஆகவே புத்தகத்தின் பக்கங்களை முதலில் கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக வைத்து ஒருபக்க நகலாக எடுக்க வேண்டும். பிறகு அந்தத் தாள்களை உள்ளே கொடுத்து இருபக்கமாக மாற்ற வேண்டும். முதல் பக்கம் எடுத்தாயிற்று. சற்றுமுன் காட்டிய அதே கட்டளை திரையில் திரும்ப வருகிறது. இதற்கு என்ன அர்த்தம்? அடுத்த பக்கத்தை வை என்பது வடிவமைத்தவர் எண்ணம். நிற்பவர்களோ, செய்தது தப்பு, மறுபடி செய் என்று சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். மனிதரோடு பேசிப் பழகியவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு வேலையைச் செய்து முடித்ததும் எதிரே நிற்பவர் அதே வார்த்தையைத் திரும்பச் சொன்னால், நாம் செய்தது சரியில்லை என்றுதானே பொருள்? இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம். பயனர் தப்பாக ஒன்றைச் செய்கிறார். அமுங்கிய பட்டனோ இயந்திரம் எதிர்பார்த்த பட்டன். இயந்திரம் அடுத்த படிக்குப் போகிறது, இவரும் சரியாகத்தான் போகிறது என்று நினைக்கிறார். எங்கே வழி தவறியது என்பது வெகுதூரம் போன பிறகுதான் தெரியவரும். அதற்குள் இருவருக்கும் பழைய இடம் மறந்திருக்கும்.

நம் ஊரில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வருவதில்லை. ஜெராக்ஸ் கடையில் இயந்திரத்தை நாம் தொடுவதே கிடையாது. புத்தகத்தை நீட்டி, ‘இதுல ரெண்டு பக்கமும் போட்டுக் குடுங்கண்ணே’ என்கிறோம். ‘இதுல’ என்றால் எந்தப் பக்கத்திலிருந்து எதுவரை என்பதை நாம் விரல் வைத்திருக்கும் இடத்தைப் பார்த்தே அவர் தெரிந்துகொள்கிறார். சந்தேகம் வந்தால் தலையை நிமிர்த்துகிறார், நாமும் தலையை ஆட்டுகிறோம். அந்தக் கடைக்காரர் இடத்தில் தன்னை வைத்துக்கொள்ளத்தான் வழிகாட்டும் நிரல் முயன்றது. விரல் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

1987இல் இந்த ஆய்வு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாகப் ‘பிளான்ஸ் அண்ட் சிச்சுவேட்டட் ஆக்‌ஷன்ஸ்’ என்ற நூலாக வந்தது. திட்டம் என்பது செயலை இயக்கும் விசை அல்ல, செயலில் இறங்கும்போது கைக்கு உதவும் பல பொருள்களில் ஒன்று, அவ்வளவே என்பது நூலின் வாதம். படகில் சுழல்நீரில் இறங்கப் போகிறவர் கரையில் நின்று, இந்தப் பாறைக்கு இடப்புறம், பிறகு வலப்புறம் என்று மனசில் குறித்துக்கொள்ளத்தான் செய்வார். இறங்கிய பிறகு நீரோட்டத்துக்கும் துடுப்புக்கும் நடுவில் நடப்பதை அந்தக் குறிப்பு நடத்துவதில்லை. சரியான இடத்தில் இறங்கி நிற்க உதவியதே அதன் பயன். இந்த உதாரணம் சக்மனுடையது. திட்டமே வேண்டாம் என்று அவர் சொன்னதாகப் பலர் தப்பாகப் படித்தார்கள். நடை கடினம், சமூகவியல் கலைச்சொல் அதிகம். படித்தவர்கள் மேல் மட்டும் பழி போட முடியாது.

எதிர்ப்பு வந்தது. 1993இல் சைமனும் அலோன்சோ வெராவும், சக்மன் போன்றோர் சொல்வதையெல்லாம், மனம் குறியீடுகளைக் கையாண்டே சிந்திக்கிறது என்னும் குறியீட்டுக் கணிப்புக் கொள்கையிலேயே விளக்கிவிடலாம் என்று நீண்ட கட்டுரை எழுதினார்கள். அதே இதழில் சக்மனின் மறுமொழியும் வந்தது. சைமன் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சுற்றுப்புறத்தை உணர்ந்து திட்டத்தை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் நிரலை எழுத முடியாதா என்று அவர்கள் கேட்டதற்கு, இன்றைய தானோட்டிக் கார்கள் பாதி பதிலாவது சொல்கின்றன. ஆனால் சக்மன் கேட்டது வேறு. எதை உணர்வது, எதை விடுவது என்று முன்கூட்டித் தீர்மானித்தவர் யார்?

அந்தக் கேள்வி அடுத்த ஆண்டே கூர்மையானது. டெர்ரி வினோகிராட், ஃபெர்னாண்டோ ஃப்ளோரஸ் இருவரும் ‘கோஆர்டினேட்டர்’ என்ற அலுவலகச் செய்தி மென்பொருளைச் செய்திருந்தார்கள்.  அந்த மென்பொருளில் ஒரு செய்தி அனுப்பும்போது, இது கோரிக்கை, இது வாக்குறுதி என்று வகையையும் சொல்லியாக வேண்டும். வகைப்படுத்துவதே ஒரு கட்டுப்பாடு, மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் கணக்கொப்பிக்கும் ஏற்பாடு என்று சக்மன் 1994இல் எழுதினார். பெரிய நிறுவனங்கள் வெளிப்படையான வகைகள் இல்லாமல் இயங்க முடியாது என்றார் வினோகிராட். ‘பார்க்கலாம் சார்’ என்று நம் ஆபீஸ்களில் சொல்கிறோமே, அதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? இந்த விவாதத்தில் நான் சக்மன் பக்கம்.

இதற்குச் சற்று முன், 1989 வாக்கில் பாலோ ஆல்டோ மையத்துக்குள்ளேயே சக்மன் ஒரு சிறு குழு அமைத்தார். சான் ஹோசே விமான நிலையத்தின் இயக்க அறையை அந்தக் குழு ஆராய்ந்தது. அதில் இருந்த ஜூலியன் ஓர், இயந்திரம் பழுதுபார்ப்பவர்கள் சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் கதை சொல்லியே தொழில் கற்பதைத் தனி நூலாக எழுதினார். என்னை அதிகம் பாதித்தது சிலிக்கான் பள்ளத்தாக்கு வழக்கறிஞர் நிறுவனத்து ஆய்வு. பெரிய வழக்கு என்றால் நூற்றுக்கணக்கான பெட்டிகளில் ஆவணங்கள் குவியும். ஒவ்வொன்றையும் எடுத்து, யார் யாருக்கு எழுதியது, என்ன தேதி, எந்த வகை என்று பதிய வேண்டும். ஒரு வழக்கறிஞர், இதற்குச் சிம்பன்ஸியே போதும் என்கிற தோரணையில் பேசினார். வெளியே கொடுத்துவிடலாம், அல்லது இயந்திரத்திடம் விட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். சக்மன் அதே கட்டடத்தில் பதிவு செய்பவர்களிடம் போய் உட்கார்ந்தார். ஓர் ஆவணம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே அங்கே பிரச்சினை. கடிதத்தோடு பின் செய்த தாள் இணைப்பா, தனி ஆவணமா? தேதி இரண்டு இருந்தால் எது தேதி? ஒவ்வொன்றுக்கும் முடிவெடுக்கிறார்கள், சந்தேகம் வந்தால் கலந்து பேசுகிறார்கள். வழக்கறிஞர் அறைக்கு அது தெரியவில்லை. ஏனென்றால் அங்கே போய்ச் சேர்வது முடிந்துபோன பட்டியல் மட்டும். 1995இல் வெளிவந்த இந்த ஆய்வுக் கட்டுரையைச் சென்னையில் படிப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அயல்நாட்டு வழக்குகளின் ஆவணங்களைப் படித்துப் பிரிக்கும் வேலை பிற்பாடு இங்கேயும் வந்து சேர்ந்தது. இந்த அரங்கில் இருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அதைச் செய்திருக்கக்கூடும்.

நூற்றாண்டு திரும்பும் நேரத்தில் சக்மன் கம்பெனியை விட்டு லங்காஸ்டருக்குப் போனார். 2007இல் பழைய நூலைப் புதிய அத்தியாயங்களோடு விரித்து வெளியிட்டார். பச்சை பட்டன் கதையைத் திருத்தி எழுதியதும் அந்தக் காலத்தில்தான். கம்பெனிகள் மானிடவியலை ஒரு விளம்பர முத்திரையாக ஆக்கிக்கொண்டதைப் பற்றி அவர் எழுதியதில் கசப்பு தெரிகிறது. சம்பளம் கொடுத்த இடத்தைப் பற்றி எழுதுகிறோம் என்ற நிதானமும் தெரிகிறது.

இவர் பிற்பாடு ஏன் ஆயுதங்களைப் பற்றி எழுதப் போனார் என்று துறைக்குள்ளேயே சிலருக்கு வியப்பு. எனக்கு வியப்பில்லை. 1983இல் அமெரிக்க அதிபர் ரீகன், எதிரி ஏவுகணைகளை வானிலேயே தடுக்கும் திட்டத்தை அறிவித்தபோது, அதற்குத் தேவையான மென்பொருளை நம்பகமாக எழுத முடியாது என்று எதிர்த்த கணினி வல்லுநர் அமைப்பு ஒன்று இருந்தது. பாலோ ஆல்டோ மையத்து ஆய்வாளர்கள் சிலரின் உரையாடலில் பிறந்த அமைப்பு அது. சக்மன் அதை நிறுவியவர்களில் ஒருவர். ஆக, நகலெடுக்கும் இயந்திரத்தின் முன்னால் கேமரா வைத்திருந்த அதே ஆண்டுகளில் இதுவும் அவர் மேசையில் இருந்தது.

2017இல் அமெரிக்க ராணுவம் மேவன் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆளில்லா விமானங்கள் எடுக்கும் வீடியோ மலைபோல் குவிகிறது, பார்க்க ஆளில்லை. அதில் வாகனம் எது, மனிதர் யார் என்று செயற்கை நுண்ணறிவு பிரித்துக் காட்ட வேண்டும். கூகுள் அதில் பங்கெடுத்தது வெளியே வந்ததும், அதன் ஊழியர்கள் 3,000க்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அவர்களுக்கு ஆதரவாக 2018இல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள். எழுதிய மூவரில் சக்மன் ஒருவர், மற்றவர்கள் பீட்டர் அசாரோவும் லில்லி இரானியும். சக்மனின் வாதம் நான்கு பத்தித் தாளிலிருந்து நேராக வருகிறது. உயரத்திலிருந்து பார்க்கும் கேமராவுக்கு எட்டுவது ஓர் உருவம், அதன் நகர்வு. அந்த உருவம் யார், கையில் வைத்திருப்பது என்ன, எங்கே போகிறது என்பதெல்லாம் முதல் பத்தி. அந்தப் பத்தியைப் படிக்க ஆள் வைக்காமல், இரண்டாவது பத்தியை இன்னும் வேகமாகப் படித்துத் தருவதை ராணுவம் துல்லியம் என்கிறது.

2018 ஜூனில், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று கூகுள் சொன்னது. திட்டம் நின்றுவிடவில்லை, பாலன்டிர் உள்ளிட்ட வேறு கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. லங்காஸ்டரில் ஓய்வுபெற்ற சக்மன், செயற்கை நுண்ணறிவு என்று ஒற்றைப் பெயரில் பேசுவதையே விட்டுவிட்டு, எந்த நுட்பம், யாருடைய தரவு, யார் செலவு என்று பிரித்துக் கேளுங்கள் என்று 2023இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மாணவர்கள் அதிலிருந்து தொடங்கி, பின்னோக்கி 1987க்குப் போகலாம். அவர் எழுத்துக்குள் நுழைய அந்தக் கட்டுரைதான் எளிய வாசல்.